சிவப்புப் பெயிண்ட் அடித்த அடிபம்புகள்

போபால் என்றால் நமக்கெல்லாம் ஒரே ஒரு இரவுதான் ஞாபகம் வரும். 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் கசிந்த இரவு. பள்ளிக்கூடத்தில் நான் படித்ததும் அதுதான். சில மாதங்களாக நான் தேடிப் படித்துக்கொண்டிருப்பது இன்னொரு போபாலைப் பற்றி. நிலத்துக்கு அடியில் நடந்த அந்த விபத்துக்கு நினைவுநாள் கிடையாது. இன்னும் முடியவும் இல்லை.

ஆலை 1969இல் தொடங்கியது. தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்ததே 1974இல். அபாயகரக் கழிவு விதிகள் 1989இல், அதாவது ஆலை நின்றுபோய் ஐந்து வருஷம் கழித்து. இடையில் 15 ஆண்டுகள் கழிவை வளாகத்துக்குள்ளேயே குழிகளில் கொட்டினார்கள். 1977இல் ஆலைக்கு வடக்கே பெரிய குளங்கள் அமைத்தார்கள். அடியில் பிளாஸ்டிக் விரிப்பு, மேலே வெயில். கழிவுநீர் ஆவியாகிவிடும், எச்சம் அப்படியே தங்கிவிடும் என்பது கணக்கு. குளம் ஒழுகுகிறது என்று 1982லேயே போபாலிலிருந்து அமெரிக்காவுக்கு டெலக்ஸ் போயிருக்கிறது.

1989இல் நிறுவனமே ஆலைக்குள்ளிருந்து மண்ணும் நீரும் எடுத்துச் சோதித்தது. அந்த மாதிரிகளில் விட்ட மீன்கள் அத்தனையும் செத்தன. யாருக்கும் சொல்லவில்லை. பல வருஷம் கழித்து அமெரிக்க நீதிமன்ற வழக்கு ஒன்றின் மூலம்தான் அந்தத் தாள் வெளியே வந்தது. அதே 1989இல்தான் 47 கோடி டாலர் சமரசமும் கையெழுத்தானது. அது வாயுவுக்கான இழப்பீடு. தண்ணீர் அந்தக் கணக்கிலேயே இல்லை.

1997இல் நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம், அதாவது நீரி, அறிக்கை தந்தது: மண் கெட்டிருக்கிறது, நிலத்தடி நீர் கெடவில்லை. களிமண் அடுக்கைத் தாண்டி நஞ்சு நீரைத் தொட 23 ஆண்டுகள் ஆகலாம் என்றது. அதைப் படித்துப் பார்த்த ஆர்தர் டி லிட்டில் என்ற ஆலோசனை நிறுவனம், மோசமான நிலையில் இரண்டே ஆண்டு போதும் என்று எச்சரித்தது. இத்தனைக்கும் அது கார்பைடு தரப்பு அமர்த்திய நிறுவனம். நான் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் படிப்பதை நிறுத்திவிட்டேன். கம்பெனியின் ஆலோசகருக்கு இருந்த பயம் அரசு ஆய்வகத்துக்கு இல்லையே!

1998இல் நிலம் மத்தியப் பிரதேச அரசின் கைக்கு வந்தது. 1999இல் கிரீன்பீஸ் பக்கத்துக் குடியிருப்புகளின் கிணற்று நீரைச் சோதித்து, கார்பன் டெட்ராகுளோரைடும் குளோரோஃபாமும் இருப்பதாகச் சொன்னது. இந்த வகைக் கரைப்பான்கள் தண்ணீரைவிடக் கனமானவை. கீழே இறங்கி, பாறை இடுக்கில் தங்கி, வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். மேலாக ஒரு குடம் மொண்டு சோதித்தால் மாட்டாமலே போகலாம்.

அடிபம்புகளுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, ‘குடிக்க உகந்ததல்ல’ என்று எழுதிவைத்தார்கள். அவ்வளவுதான். வேறு தண்ணீர் இல்லாத வீட்டுப் பெண்கள் அந்தப் பம்பையே அடித்தார்கள். சுத்தமான குடிநீர் கொடு என்று 2004இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் 2006இல் மக்கள் போபாலிலிருந்து டெல்லிவரை நடந்தே போகவேண்டியிருந்தது.

யார் சுத்தம் செய்வது? மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்று நம்ம வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 2001இல் கார்பைடை வாங்கிய டௌ, அந்த ஆலையை நாங்கள் நடத்தவே இல்லை என்கிறது. நிலமோ அரசிடம் இருக்கிறது. ஒருவர் கையை இன்னொருவர் காட்ட, நஞ்சு பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. 2018இல் லக்னோவின் நச்சியல் ஆய்வு நிறுவனம் கணக்கெடுத்தபோது பாதிப்பு 42 குடியிருப்புகளுக்குப் பரவியிருந்தது.

2025 புத்தாண்டு இரவில் 337 டன் கழிவு 12 கன்டெய்னர்களில் பீதம்பூருக்குப் போனதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அங்கே மக்கள் போராடினார்கள். பிறகு எரித்தும் முடித்தார்கள். போபால் சுத்தமாகிவிட்டது என்றே பலரும் பேசினார்கள். அது கிடங்கில் மூட்டை கட்டிவைத்திருந்த கழிவு. ஆலை வளாகத்தில் மாசுபட்ட மண் மட்டுமே சுமார் 11 லட்சம் டன் என்று 2010இல் நீரியும் ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் நிறுவனமும் மதிப்பிட்டிருந்தன.

இந்தக் கதையில் அளந்து பார்க்காதவர் யாருமில்லை. கம்பெனி அளந்தது, அரசு அளந்தது, எதிர்த்தவர்களும் அளந்தார்கள். இவ்வளவு வந்தால் இன்ன தேதிக்குள் இன்னார் சுத்தம் செய்தாகவேண்டும் என்ற கட்டாயம் மட்டும் எந்த அறிக்கையோடும் சேர்ந்து வரவில்லை. உங்கள் ஊர்த் தொழிற்பேட்டை பற்றி ‘நிலத்தடி நீர் வரம்புக்குள்தான் இருக்கிறது’ என்று செய்தி வந்தால் நாலு கேள்வி கேளுங்கள். எந்தக் கிணறு? எத்தனை அடி ஆழம்? எந்த மாதம்? யார் காசில்?