பி.எஸ்.எஸ்.சி. இயற்பியல் படங்கள்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் கற்பிப்பதற்காக 1950களின் பிற்பகுதியிலும் 1960களின் முற்பகுதியிலும் எடுக்கப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட 16 மி.மீ. பேசும் படங்களின் தொகுதி. 'பிசிக்கல் சயன்ஸ் ஸ்டடி கமிட்டி' என்ற அறிஞர் குழு இவற்றை உருவாக்கியது. அதன் முதலெழுத்துகளே படங்களுக்கும் பெயராயின. பெரும்பாலானவை கறுப்பு வெள்ளைப் படங்கள். அரை மணி நேரத்தை ஒட்டி ஓடுபவை. பள்ளிப் பாடத்துக்குத் திரைப்படத்தைப் பயன்படுத்துவது அதற்கு முன்பும் இருந்தது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் மெய்யாகவே அளந்துகொண்டிருக்கும் விஞ்ஞானியின் பக்கத்தில் மாணவரை நிறுத்தி, விடை வரும்வரை காத்திருக்கவைத்த பெருமை இத்தொகுதிக்கே உரியது.

தோற்றம்

இம்முயற்சிக்கு வித்திட்டவர் ஜெரால்டு சக்கரியாஸ் (1905–1986). எம்.ஐ.டி. எனப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் இயற்பியல் பேராசிரியர். அணுக்கற்றை ஆய்வில் ஐ. ஐ. ராபியுடன் உழைத்தவர், இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் ஆய்வுக்கூடத்திலும் பின்னர் லாஸ் அலமோஸ் அணுகுண்டு ஆய்வுக்கூடத்திலும் பணியாற்றினார். சீசியம் அணுக்கடிகாரம் சந்தைக்கு வந்ததும் இவருடைய முனைப்பால்தான். போர்க்காலத்தில் பலதுறையினர் ஓரிடத்தில் கூடி, குறித்த காலத்துக்குள் ஒரு கருவியைச் செய்துமுடிக்கும் முறையை நேரில் கண்டவர் அவர். அதே முறையில் ஒரு பள்ளிப் பாடத்தையும் செய்துவிடலாம் என்று நம்பினார்.

1956 மார்ச் 15 அன்று எம்.ஐ.டி.யின் தலைவர் ஜேம்ஸ் கில்லியனுக்கு அவர் ஒரு குறிப்பு எழுதினார். உயர்நிலைப் பள்ளி இயற்பியல் முழுவதையும் இருபது நிமிடம் ஓடும் தொண்ணூறு படங்களாக எடுத்துவிட வேண்டும். பாடநூல், கணக்குப் புத்தகம், வினா அட்டை, விடை அட்டை ஆகியவை அப்படங்களோடு சேர்ந்து வர வேண்டும் என்பது அதன் சாரம். திட்டத்தின் நடுவில் படம் இருந்தது. புத்தகம் அதற்குத் துணை. இந்த வரிசை பிறகு தலைகீழானது.

அவ்வாண்டின் இறுதியிலேயே அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுடன் குழு கூடிவிட்டது. வழிகாட்டும் குழுவில் ராபி, எட்வர்டு பர்செல் ஆகிய நோபல் அறிஞர்களும், போலராய்டு கேமராவைக் கண்டுபிடித்த எட்வின் லேண்டும் இருந்தனர். 1957 கோடையில் இயற்பியலாளரும் பள்ளி ஆசிரியருமாகச் சுமார் அறுபது பேர் எம்.ஐ.டி.யில் தங்கிப் பாடத்தின் வரைவை எழுதினார்கள். சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏற்றியது அதற்குப் பிறகு, அக்டோபர் 4இல்தான். ஆகவே ஸ்புட்னிக் தந்த அதிர்ச்சியில் பிறந்த பாடம் என்று இதைச் சொல்வது பொருந்தாது. ஸ்புட்னிக் கொடுத்தது பணமும் வேகமும். 1958இல் நிறைவேறிய தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், பள்ளிகள் ஆய்வுக் கருவிகளும் புரொஜெக்டர்களும் வாங்க உதவியது. அந்த உதவி இல்லாதிருந்தால் படங்கள் பெட்டியிலேயே கிடந்திருக்கும்.

படப்பிடிப்பு

தொடக்கத்தில் படமெடுக்கும் பொறுப்பு, கல்விப் படங்களில் நெடுநாள் அனுபவமுள்ள என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா படநிறுவனத்திடம் சென்றது. அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. வழக்கமான கல்விப் படத்தில் முகம் தெரியாத ஒருவர் பின்னணியில் பேசுவார், இசை ஒலிக்கும், சோதனை முதல் தடவையிலேயே பிசகின்றி முடியும். விஞ்ஞானிகளுக்கு அது பொய்யாகப் பட்டது. திரையில் தோன்றுபவர் சோதனையைத் தாமே செய்பவராக இருக்க வேண்டும், தம் சொந்தச் சொற்களில் பேச வேண்டும், கருவி முரண்டு பிடித்தால் அதுவும் தெரிய வேண்டும் என்றார்கள். முடிவில் குழுவே படப்பிடிப்புக் கூடம் அமைத்துக்கொண்டது. படப்பிரிவை ஸ்டீபன் ஒயிட் நடத்தினார். 1958இல் தொடங்கப்பட்ட 'எஜுகேஷனல் சர்வீசஸ்' என்ற லாபநோக்கற்ற நிறுவனம் நிர்வாகத்தை ஏற்றது.

ஆவணப்பட வரலாற்றில் பெரும்பெயர் பெற்ற ரிச்சர்டு லீகாக் இத்தொகுதியில் இயக்குநராகப் பணியாற்றியது பலருக்குத் தெரியாத செய்தி. நிழற்படக் கலைஞர் பெரனிஸ் அபட்டும் 1958 முதல் குழுவுக்காக உழைத்தார். நியூயார்க் நகரின் மாற்றங்களைப் படம்பிடித்துப் புகழ்பெற்ற அவர், அறிவியலைப் படம்பிடிக்கும் வாய்ப்புக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தவர். துள்ளிச் செல்லும் பந்தை, விட்டுவிட்டு மின்னும் ஒளியில் ஒரே தகட்டில் பல நிலைகளில் பதித்த படங்களையும், சிற்றலைத் தொட்டியில் அலைகள் குறுக்கிடும் கோலங்களையும் பாடநூலுக்காக எடுத்தார். அளவுகோலை வைத்து அளந்து முடுக்கத்தைக் கணக்கிடும் அளவுக்கு அவை துல்லியமானவை. இயற்பியல் பாடநூலில் படம் என்பது அலங்காரமாக இல்லாமல் தரவாகவே மாறியது இங்கேதான்.

குறிப்பிடத்தக்க படங்கள்

படங்களைப் பொருள்வாரியாகப் பிரிப்பதே குழுவின் வழக்கம்: வெளியும் காலமும், ஒளியும் அலையும், இயக்கவியல், மின்னியலும் அணுவும். பாடநூலின் நான்கு பகுதிகளும் இவைதாம். கற்பிக்கும் நோக்கில் பார்த்தால் வேறு பிரிவே பயன் தரும். பள்ளியிலேயே செய்துவிடக்கூடியதைப் பெரிதாக்கிக் காட்டும் படங்கள் ஒருவகை. கேமரா இல்லாமல் காணவே முடியாததைக் காட்டுபவை இன்னொரு வகை. எந்தப் பள்ளியும் செய்ய முடியாத அளவீட்டைச் செய்துகாட்டுபவை மூன்றாம் வகை. முதல் வகைக்கு ஆயுள் குறைவு. பின்னிரண்டும் இன்றும் வகுப்பில் ஓடத் தகுந்தவை.

இரண்டாம் வகைக்குத் தலைசிறந்த சான்று 'ஃபிரேம்ஸ் ஆஃப் ரெஃபரன்ஸ்' (1960). குறிப்பாயம் என்னும் கருத்தை விளக்கும் இப்படத்தை லீகாக் இயக்கினார். டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பேட்டர்சன் ஹியூமும் டொனால்டு ஐவியும் தோன்றுகிறார்கள். தொடக்கத்திலேயே இருவரில் ஒருவர் தலைகீழாகத் தெரிகிறார். தலைகீழாக நிற்பது அவரா மற்றவரா என்று வாதம் எழுகிறது. பிறகு, நகரும் வண்டியிலிருந்து ஓர் எஃகு உருண்டை விழுகிறது. தரையிலுள்ள கேமராவுக்கு அது வளைகோட்டில் விழுகிறது. வண்டியில் பொருத்திய கேமராவுக்கு நேர்க்கோட்டில் விழுகிறது. அடுத்து, சுழலும் மேடைமேல் உலர் பனிக்கட்டியின் ஆவிமேல் மிதக்கும் வட்டு. உராய்வு அநேகமாக இல்லாததால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது நேராகச் செல்கிறது. மேடையோடு சேர்ந்து சுழலும் கேமராவுக்கோ, ஏதோ ஒரு விசை இழுப்பதுபோல் வளைகிறது. பாடநூல்கள் பல பக்கம் எழுதியும் மாணவருக்குப் பிடிபடாத போலி விசை சில விநாடிகளில் கண்முன் வந்துவிடுகிறது. கேமரா இருக்கும் இடமே குறிப்பாயம் என்பதால், திரைப்படத்தைத் தவிர வேறெந்தச் சாதனத்தாலும் இதை இவ்வளவு நேராகச் சொல்ல முடிந்திராது. 1962இல் எடிசன் அறக்கட்டளையின் விருது இதற்குக் கிடைத்தது.

மூன்றாம் வகையில் மூன்று படங்கள் தனித்து நிற்கின்றன. வில்லியம் பெர்டோசியின் 'தி அல்டிமேட் ஸ்பீடு' எலக்ட்ரான்களுக்கு மேலும் மேலும் ஆற்றலூட்டி, 8.4 மீட்டர் தூரத்தைக் கடக்க அவற்றுக்கு ஆகும் நேரத்தை அளக்கிறது. அதிகபட்ச ஆற்றலில் நியூட்டனின் கணக்குப்படி எலக்ட்ரான் ஒளியைப்போல் ஏழு மடங்குக்கும் மேலான வேகத்தில் போக வேண்டும். போவதில்லை, வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. ஊட்டிய ஆற்றல் உண்மையில் எலக்ட்ரானுக்குச் சேர்ந்ததா என்ற ஐயம் மாணவருக்கு எழும் அல்லவா? அதற்காக எலக்ட்ரான்கள் மோதும் அலுமினியத் தகடு எவ்வளவு சூடேறுகிறது என்பதையும் அளந்து காட்டுகிறார். ஐயத்தை முன்கூட்டியே மதித்த பாடம் இது.

ஜான் கிங்கின் 'இன்டர்ஃபெரன்ஸ் ஆஃப் ஃபோட்டான்ஸ்' மிக மங்கலான ஒளியை எடுத்துக்கொள்கிறது. கருவிக்குள் ஒரு நேரத்தில் ஒரு ஃபோட்டானுக்கு (ஒளித்துகளுக்கு) மேல் இருக்க வாய்ப்பில்லாத நிலையிலும் குறுக்கீட்டுக் கோலம் உருவாகிறது.

இத்தொகுதியின் மணிமுடி, டேவிட் ஃபிரிஷும் ஜேம்ஸ் ஸ்மித்தும் எடுத்த 'டைம் டைலேஷன்'. காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி உண்டாக்கும் மியூவான் துகளின் சராசரி ஆயுள் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு (2.2 மைக்ரோ விநாடி). நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வாஷிங்டன் மலையில், சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் கருவியை வைத்து ஒரு மணி நேரம் எண்ணுகிறார்கள். கருவியில் வந்து நின்று சிதையும் ஒவ்வொரு மியூவானும் அலைநோக்கித் திரையில் தன் ஆயுளின் நீளத்துக்கு ஒரு கோடு வரைகிறது. எண்ணிக்கை 568. மலை உயரத்தைக் கடந்து கடல்மட்டத்துக்கு வர இத்துகள்களுக்கு ஏறக்குறைய 6.4 மைக்ரோ விநாடி ஆகும். அதுவரை தாங்கக்கூடியவை எத்தனை என்று அந்தக் கோடுகளை வைத்தே கணக்கிட்டால் 27தான் வருகிறது. கருவியைக் கடல்மட்டத்தை ஒட்டிய மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்து மீண்டும் ஒரு மணி நேரம் எண்ணுகிறார்கள்: 412. வேகமாக ஓடும் மியூவானின் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட ஒன்பது மடங்கு மெதுவாக ஓடியிருக்கிறது. ஐன்ஸ்டைனின் சமன்பாட்டை எழுதிக் காட்டி நம்பச் சொல்லாமல், எண்ணிப் பார்த்தே சார்பியலுக்கு வந்துசேரும் இத்தகைய பாடம் பள்ளிக் கல்வியில் மிக அரிது.

'தி பிரஷர் ஆஃப் லைட்' படத்தில் சக்கரியாஸே தோன்றி, வெற்றிடத்தில் தொங்கும் மெல்லிய தகட்டை ஒளியின் அழுத்தத்தால் ஊசலாட்டிக் காட்டினார். பிரின்ஸ்டனைச் சேர்ந்த எரிக் ராஜர்ஸ் கூலும் விதியை விளக்கினார். ஃபிராங்க்–ஹெர்ட்ஸ் சோதனை பற்றிய படத்தில் அச்சோதனையைச் செய்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஃபிராங்கே பேசுகிறார்.

பாடநூலும் கருவிப்பெட்டியும்

1957–58ஆம் கல்வியாண்டில் எட்டுப் பள்ளிகளில் ஏறத்தாழ 300 மாணவர்களிடம் பாடம் சோதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அது நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்கு விரிந்தது. பாடநூல் 1960இல் டி. சி. ஹீத் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. அதற்குள் படம் நடுநாயக இடத்தை இழந்திருந்தது. சோதனைக் கட்டத்தில் ஆசிரியர்கள் கண்டது இதுதான்: மாணவர் கையில் எளிய கருவியைக் கொடுத்துவிட்டுப் பிறகு படத்தைக் காட்டினால் கேள்விகள் எழுகின்றன, கருவி இல்லாமல் படம் மட்டும் காட்டினால் வகுப்பு அமைதியாகப் பார்த்துவிட்டுக் கலைகிறது. எனவே மின்மணியின் துடிப்பால் நாடாவில் புள்ளியிடும் நேரப்பதிவி, சக்கரம் வைத்த சிறு வண்டி, சிற்றலைத் தொட்டி என மலிவான பொருள்களால் கருவிப்பெட்டி உருவாக்கப்பட்டது. தொண்ணூறு படத் திட்டம் கைவிடப்பட்டது நல்லதே. பள்ளி மேசையில் செய்ய முடியாதவற்றுக்கு மட்டும் படம் என்ற தெளிவு அதனால்தான் வந்தது.

படச்சுருள்களை வாடகைக்கு வரவழைக்க வேண்டியிருந்தது ஒரு குறை. அலைகள் பற்றிய பாடத்தை நடத்தும் வாரத்தில் இயக்கவியல் படம் கையில் இருந்தால் பயனில்லை. இக்குறைக்கு விடையாக 1960களில் 8 மி.மீ. சுழற்படங்கள் வந்தன: பெட்டிக்குள் அடைத்த, சில நிமிடமே ஓடும், பேச்சில்லாத படம். மாணவரே இயந்திரத்தில் செருகி, வேண்டுமிடத்தில் நிறுத்தி, திரையில் அளவுகோல் வைத்து அளக்கலாம். 1940 நவம்பர் 7 அன்று காற்றில் முறுகி இடிந்த டகோமா நேரோஸ் பாலத்தின் காட்சியை ஃபிராங்க்ளின் மில்லர் இவ்வகைச் சுழற்படமாக்கியது உலகெங்கும் வகுப்புகளை எட்டியது.

பரவல்

உயிரியலில் பி.எஸ்.சி.எஸ். (1958), வேதியியலில் கெம் ஸ்டடி (1960) ஆகிய திட்டங்கள் இதே வழியில் எழுந்தன. இங்கிலாந்தில் நஃபீல்டு இயற்பியல் என்ற பள்ளிப் பாடத்திட்டத்தை வடிவமைத்தவர், கூலும் படத்தில் தோன்றிய அதே எரிக் ராஜர்ஸ். 1963இல் யுனெஸ்கோ பிரேசிலின் சாவோ பாவ்லோவில் நடத்திய இயற்பியல் கற்பித்தல் முன்னோடித் திட்டம் மலிவுக் கருவிகளையும் சுழற்படங்களையும் இணைத்தது. இந்தியாவில் 1963 முதல் அமெரிக்க உதவியுடன் நடந்த ஆசிரியர் கோடைப் பயிலரங்குகள் வழியே இப்பாடம் அறிமுகமானது; பாடநூலின் இந்தியப் பதிப்பை தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமமான என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்டது.

அமெரிக்காவில் இயற்பியல் எடுக்கும் மாணவர் விகிதம் 1960களில் உயரவில்லை, குறைந்தது. பாடம் கடினமானதே காரணம் என்று கூறுவோர் உண்டு. ஆனால் நாட்டின் இயற்பியல் மாணவரில் பாதிப்பேரைக்கூட எட்டாத ஒரு பாடத்தின்மேல் இந்தப் பழியைச் சுமத்த இயலாது. இயற்பியலை முதன்மைப் பாடமாகப் படிக்காத ஆசிரியர்களே பெரும்பாலும் பள்ளிகளில் இயற்பியலை நடத்தினர்; கோடைப் பயிற்சி அவர்களில் ஒரு பகுதியினருக்கே கிடைத்தது.

பாடநூலின் ஏழாம் பதிப்பு 1991இல் வந்தது. படங்கள் பல இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் கணினி உருவகப்படுத்தல்கள் (2002), கைப்பேசியின் உணரிகளைக் கொண்டே சோதனை செய்ய உதவும் ஆகன் பல்கலைக்கழகத்தின் ஃபைஃபாக்ஸ் செயலி (2016), தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் அச்சாகும் கியூஆர் குறியீடுகள் ஆகியவை காட்சியும் கருவியும் கொண்டு அறிவியல் கற்பிக்கும் துறையின் பிற்கால வளர்ச்சிகள்.