ஏழு விமானங்கள், 58 வாக்குகள்

பீரங்கியும் பேரேடும் – 14

2009 ஜூலை 21. வாஷிங்டனில் செனட் சபை கூடியிருந்தது. விமானப்படைக்கு இன்னும் ஏழு எஃப்-22 போர் விமானங்கள் வாங்குவதற்காக ராணுவ மசோதாவில் 175 கோடி டாலர் எழுதப்பட்டிருந்தது. அது இருக்கட்டுமா, அடித்துவிடலாமா? அடித்துவிடலாம் என்றார்கள் 58 பேர். இருக்கட்டும் என்றார்கள் 40 பேர். வானத்தில் தனக்கு நிகரில்லை என்று பெயரெடுத்த, ராப்டர் என்கிற அந்த எஃப்-22 விமானத்தின் உற்பத்திக்கு அன்றே நாள் குறிக்கப்பட்டுவிட்டது.

ஏழு விமானத்துக்கா இத்தனை அமர்க்களம் என்று தோன்றலாம். அந்த ஏழு வந்தால் அடுத்த ஆண்டு பன்னிரண்டு வரும், அதற்கடுத்து இருபது வரும். ஆலை ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு தரப்புக்கும் இது தெரியும்.

சென்ற வாரம் செனட்டின் ட்ரூமன் குழு இரண்டாம் உலகப் போர்க்காலக் காண்ட்ராக்டர்களின் கணக்குகளைக் குடைந்ததைப் பார்த்தோம். போர் நடக்கும்போது பணத்துக்குப் பஞ்சமில்லை. போர் ஓய்ந்த காலத்தில் ஆயுதக் கம்பெனியின் அடுப்பு எரிய வேண்டுமானால் ஆண்டுதோறும் இரண்டு சட்டங்கள் நிறைவேற வேண்டும். என்னென்ன வாங்கலாம் என்று சொல்வது அங்கீகாரச் சட்டம். 1961 முதல் ஒரு வருடம்கூடத் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. கையில் காசைக் கொடுப்பது நிதி ஒதுக்கீட்டுச் சட்டம். முதலாவதில் பெயர் இருந்து இரண்டாவதில் பணம் இல்லையென்றால், கல்யாணப் பத்திரிகை அடித்துவிட்டு மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்காத கதைதான். தரைப்படைக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் சேர்ந்தாற்போல் பணம் ஒதுக்கக் கூடாது என்று அந்நாட்டு அரசியல் சாசனமே கட்டிப்போட்டிருக்கிறது. நிரந்தரப் படையை வைத்துக்கொண்டு யாரும் ராஜாவாகிவிடக் கூடாதே என்று அந்தக் காலத்துப் பெரியவர்களுக்கு இருந்த பயம்!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் நாடாளுமன்றம் அரசின் மானியக் கோரிக்கையை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம், கூட்ட முடியாது. அமெரிக்கக் காங்கிரஸ் கூட்டும். பாதுகாப்பு அமைச்சரே வேண்டாமென்று தள்ளிய விமானத்தையும் வாங்கச் சொல்லிப் பணம் எழுதும். கம்பெனிகளின் ஆட்கள் எந்நேரமும் காங்கிரஸ் அலுவலக வராந்தாக்களில் காத்துக் கிடப்பது அதனால்தான்.

ராப்டரின் ஜாதகத்துக்கு வருவோம். 1991 ஏப்ரலில் நார்த்ராப்பின் மாதிரி விமானத்தைத் தோற்கடித்து லாக்ஹீட் அணி ஒப்பந்தத்தை வென்றது. சோவியத் விமானங்களைச் சமாளிக்கவென்று போட்ட கணக்கு 750 விமானங்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் சோவியத் யூனியனே இல்லை. 750 என்பது 648 ஆனது, பிறகு 339, பிறகு 277, கடைசியில் 183. எண்ணிக்கை இறங்க இறங்க ஒரு விமானத்தின் விலை ஏறியது. ஆராய்ச்சிக்குச் செலவழித்த பெருந்தொகையை முன்பு 750 தலையில் பங்குபோட்டார்கள். இப்போது 183 தலையில். விலை ஏறிவிட்டதே என்று காங்கிரஸ் இன்னும் குறைக்கும், குறைத்ததால் விலை மேலும் ஏறும். எல்லாம் முடிந்தபோது திட்டச் செலவு சுமார் 6,700 கோடி டாலர். ஒரு விமானத்துக்கு 35 கோடி டாலருக்கு மேல் விழுந்தது.

1999லேயே ஓர் அதிர்ச்சி வந்தது. கீழவையின் நிதி ஒதுக்கீட்டுத் துணைக்குழுவில் தலைவர் ஜெர்ரி லூயிஸ், எதிர்க்கட்சியின் ஜான் மர்தா இருவரும் கைகோத்து, உற்பத்திக்கான சுமார் 180 கோடி டாலரைச் சத்தமில்லாமல் வெட்டினார்கள். லூயிஸ் குடியரசுக் கட்சிக்காரர். ராணுவத்துக்குக் கிள்ளிக் கொடுத்தே பழகாத கட்சி. லாக்ஹீட் மார்ட்டின் இதை எதிர்பார்க்கவேயில்லை. அடித்துப் பிடித்து, சோதனை நிபந்தனைகளோடு அந்த ஆண்டு தப்பியது.

வெளிநாட்டுக்கு விற்றாவது ஆலையை ஓட்டலாமே? ஜப்பான் ஆசையோடுதான் காத்திருந்தது. ஆனால் விஸ்கான்சின் உறுப்பினர் டேவிட் ஓபி 1997ல் ஒதுக்கீட்டு மசோதாவில் ஒரு வாக்கியத்தைச் செருகிவிட்டார்: இந்த விமானத்தை எந்த வெளிநாட்டுக்கும் விற்க அரசுப் பணம் செலவாகக் கூடாது. ரகசியத் தொழில்நுட்பம் வெளியே போய்விடும் என்ற கவலை. அந்த ஒரு வரி ஆண்டுக்காண்டு மறுபடி எழுதப்பட்டது. ஜப்பான் 2011 டிசம்பரில் எஃப்-35 பக்கம் போய்விட்டது.

கம்பெனியிடமிருந்த பெரிய கவசம் அமெரிக்காவின் வரைபடம். பாகங்களை இணைக்கும் இறுதி வேலை ஜார்ஜியாவின் மரியேட்டாவில். நடு உடல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில். இறக்கை சியாட்டிலில் போயிங்கிடம். என்ஜின் கனெக்டிகட்டின் பிராட் அண்ட் விட்னியிடம். சின்னச் சின்னப் பாகங்களுக்கு ஏறக்குறைய ஆயிரம் சப்ளையர்கள், 44 மாநிலங்களில். இந்த விமானத்தை நம்பி நேரடியாக 25,000 பேர் பிழைக்கிறார்கள் என்றது கம்பெனி. பொறியியல் கணக்குப்படி இப்படிப் பிரித்துச் செய்வது வீண் செலவு. ஓட்டுக் கணக்குப்படி, மாநிலத்துக்கு இருவர் வீதம் 44 மாநிலம் என்றால் 88 செனட்டர்கள்.

2009 ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ், இன்னும் நான்கு மட்டும் வாங்கி 187 என்ற எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று அறிவித்தார். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இந்த விமானம் ஒருமுறைகூடப் பறக்கவில்லை என்பது அவர் வாதம். மரியேட்டா ஆலை இருக்கும் ஜார்ஜியாவின் செனட்டர் சாக்ஸ்பி சாம்ப்ளிஸ் சும்மா இருப்பாரா? செனட்டின் ராணுவக் குழுவில் ஏழு விமானங்களுக்குப் பணம் சேர்த்துவிட்டார். 13க்கு 11 என்று மயிரிழையில் வெற்றி. கீழவை இன்னும் சாமர்த்தியமாக, அடுத்த பன்னிரண்டு விமானங்களின் முன்கொள்முதலுக்கு 36.9 கோடி டாலர் எழுதியது.

இந்த முன்கொள்முதலை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விமானத்துக்குப் பணம் கொடுக்கும் வருடத்துக்கு முந்தைய வருடமே, டைட்டானியம் வார்ப்புகள் போல வந்துசேர நாளாகும் சரக்குக்கு ஆர்டர் போட வேண்டும். விமானம் முழுதாக வெளியே வர மூன்று ஆண்டு பிடிக்கும். எனவே காங்கிரஸ் கையை இழுத்துக்கொண்டால் மரியேட்டாவில் கடைசி ஆணியடிக்கும் தொழிலாளிக்கு இன்னும் மூன்று ஆண்டு வேலை உண்டு. டைட்டானியம் அடித்துக் கொடுக்கும் சிறு பட்டறைக்கு உடனே வேலை நின்றுவிடும்.

அதிபர் ஒபாமா ஜூலை 13 அன்று செனட்டுக்குக் கடிதம் எழுதினார்: ஏழு விமானங்கள் இருந்தால் மசோதா முழுவதையும் வீட்டோ செய்வேன். ராணுவக் குழுத் தலைவர் கார்ல் லெவினும் ஒபாமாவிடம் தேர்தலில் தோற்ற ஜான் மெக்கெயினும் ஒரே திருத்தத்தில் கையெழுத்திட்டார்கள். வாக்கெடுப்பில் கட்சி காணாமல் போய் ஊர் வெளியே வந்தது. கனெக்டிகட்டின் கிறிஸ்டோபர் டாட், வாஷிங்டன் மாநிலத்தின் இரண்டு பெண் செனட்டர்கள், கலிஃபோர்னியாவின் இருவர் என ஒபாமாவின் சொந்தக் கட்சிக்காரர்களே அவருக்கு எதிராக வாக்களித்தார்கள்.

இவ்வளவு நடந்தும் லாக்ஹீட் மார்ட்டின் பெரிதாக மல்லுக்கட்டவில்லை. கேட்ஸ் ராப்டரை நிறுத்திய அதே கையால் எஃப்-35 கொள்முதலை உயர்த்தியிருந்தார். அதுவும் லாக்ஹீட் தயாரிப்புதான். அமெரிக்கப் படைகளுக்கு மட்டும் 2,443 என்பது அப்போதைய திட்டம். ஏழுக்காகச் சண்டையிட்டு இரண்டாயிரத்தைக் கெடுத்துக்கொள்ள எந்த வியாபாரி துணிவான்? என் கணிப்பில் ராப்டரை நிறுத்த முடிந்ததற்கு வீட்டோ மிரட்டல் பாதிக் காரணம்தான். கம்பெனியின் இந்த மௌனம் மீதிப் பாதி.

ஜூலை முடிவதற்குள் கீழவையும் தன் 36.9 கோடியை விட்டுக்கொடுத்தது. அக்டோபர் 28 அன்று ஒபாமா 68,000 கோடி டாலர் மசோதாவில் கையெழுத்திட்டார். வெறுப்புக் குற்றங்களுக்கு எதிரான ஒரு சட்டமும் அதே மசோதாவின் முதுகில் ஏறி வந்து சட்டமானது. எப்படியும் நிறைவேறப்போகும் வண்டி என்றால் எல்லோரும் ஏறத்தானே பார்ப்பார்கள்?

எஃப்-35க்கு இரண்டாவது என்ஜின் செய்துகொண்டிருந்த ஜெனரல் எலெக்ட்ரிக்–ரோல்ஸ் ராய்ஸ் கூட்டணிக்கு அப்படி ஏறிப் பிழைக்கும் அதிர்ஷ்டம் நீடிக்கவில்லை. பென்டகன் வேண்டாமென்றும் காங்கிரஸ் வருடாவருடம் பணம் கொடுத்துவந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஆலை அப்போதைய சபாநாயகர் ஜான் பெய்னரின் ஒஹையோவில். 2011 பிப்ரவரியில் அவர் கட்சிக்காரரே ஆன டாம் ரூனி, போட்டிக் கம்பெனியான பிராட் அண்ட் விட்னிக்கும் ஆலையுள்ள புளோரிடாவிலிருந்து வந்தவர், 45 கோடி டாலரை வெட்டத் திருத்தம் கொண்டுவந்தார். 233–198 என்று அது நிறைவேறியது. சில மாதம் கைக்காசைப் போட்டுப் பார்த்த கூட்டணி, டிசம்பரில் என்ஜினைக் கைவிட்டது.

அதே டிசம்பரில் கடைசி ராப்டர் மரியேட்டா ஆலையைவிட்டு வெளியே வந்தது. அச்சுகளும் கருவிகளும் கலிஃபோர்னியாவில் ஒரு ராணுவக் கிடங்குக்குப் போயின. 2016ல் கீழவைக்குத் திடீர் ஞானோதயம்: மறுபடி தயாரிக்க என்ன ஆகும் என்று விமானப்படையைக் கேட்டது. 194 விமானங்களுக்குச் சுமார் 5,000 கோடி டாலர் என்று பதில் வந்தது. பேச்சு அதோடு நின்றது.

அடுத்த வாரம்: 1993ல் பென்டகனில் ஓர் இரவு விருந்து. சாப்பிட வந்த ஆயுதக் கம்பெனித் தலைவர்களிடம், உங்களில் பாதிப் பேருக்கு இனி வேலையில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.