கோப்பகங்களின் ஹார்டு லிங்க் வரம்பு

ஒரு கோப்பகத்துக்குள் நேரடியாக எத்தனை துணைக் கோப்பகங்கள் இருக்கலாம் என்பதை யூனிக்ஸ் வழிவந்த பல கோப்பு முறைமைகளில் ஹார்டு லிங்க் எண்ணிக்கையே தீர்மானிக்கிறது. லினக்ஸின் எக்ஸ்ட்2, எக்ஸ்ட்3 முறைமைகளில் துணைக் கோப்பகங்களின் வரம்பு 31,998. அதைத் தாண்டினால், வட்டில் எவ்வளவு இடம் காலியாகக் கிடந்தாலும் "டூ மெனி லிங்க்ஸ்" என்ற பிழைச்செய்திதான் வரும்.

கோப்பானாலும் கோப்பகமானாலும் அதற்கென ஐநோடு என்றொரு பதிவு உண்டு. அந்த ஐநோடை எத்தனை பெயர்கள் சுட்டுகின்றன என்ற கணக்கும், அதாவது ஹார்டு லிங்க் எண்ணிக்கையும், அதிலேயே இருக்கும். புதிய வெற்றுக் கோப்பகத்தின் கணக்கு 2: தாய்க் கோப்பகத்தில் அதற்குள்ள பெயர் ஒன்று, தன்னையே சுட்டும் ஒற்றைப் புள்ளி இன்னொன்று. உள்ளே ஒரு துணைக் கோப்பகத்தை உருவாக்கினால், அதிலுள்ள இரட்டைப் புள்ளி தாயைச் சுட்டுவதால் தாயின் கணக்கு 3 ஆகும். "எல்எஸ் -எல்" கட்டளையின் இரண்டாம் பத்தியில் இந்த எண் ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உச்சவரம்பு 32,000, அதில் 2 போனால் 31,998. சாதாரணக் கோப்புகளுக்குள் இரட்டைப் புள்ளி கிடையாது. அவை லட்சக்கணக்கில் சேர்ந்தாலும் இந்தக் கணக்கு அசையாது. பயனருக்கு ஒரு கோப்பகம் என்று வைக்கும் சேவைகளே பெரும்பாலும் இதில் மாட்டிக்கொள்ளும்.

ஐநோடில் இந்தக் கணக்குக்கு ஒதுக்கிய இடம் 16 பிட். 2008-இல் லினக்ஸ் கருவகத்தில் நிலைபெற்ற எக்ஸ்ட்4, வரம்பை 65,000 ஆக உயர்த்தியது. அதுவும் போதாதபோது அதன் "டிர்_என்லிங்க்" வசதி கணக்கை 1 என்று மாற்றிவிடும். எக்ஸ்ட்4 கோப்பகத்துக்கு இயல்பாக 1 வர வழியே இல்லை. ஆகவே அந்த எண்ணுக்கு "கணக்குத் தெரியாது" என்று பொருள். ஒட்டுவேலைதான், ஆனால் கெட்டிக்கார ஒட்டுவேலை. பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை இந்தத் தொல்லையே வேண்டாமென்று எல்லாக் கோப்பகங்களுக்கும் 1 என்றே காட்டுகிறது.

இந்தக் கணக்கின் பின்விளைவு, கோப்புகளைத் தேடும் "ஃபைண்ட்" கட்டளையில் தெரியும். கணக்கில் 2 கழித்தால் துணைக் கோப்பகங்களின் எண்ணிக்கை கிடைக்கும். அத்தனையும் கண்டபின் மீதியெல்லாம் கோப்புகள்தான் என்று அது நேரத்தை மிச்சப்படுத்தும். இந்த மரபைப் பின்பற்றாத முறைமைகளுக்காகவே "-நோலீஃப்" தெரிவு சேர்க்கப்பட்டது.

பழைய முறைமையை மாற்ற முடியாதவர்கள், பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைக் கொண்டு இடையில் ஓர் அடுக்குக் கோப்பகங்களை வைத்துக்கொண்டால் போதும்.