பெயர், இடம், நோக்கம்: செங்கல்பட்டுக் கரையில் அயல்நாட்டார் நுழைவின் வரலாறு

செங்கல்பட்டுக் கடற்கரையில் அயல்நாட்டார் இறங்கவும் தங்கவும் தொடக்கத்தில் அனுமதி தந்தவர்கள் உள்நாட்டு ஆட்சியாளர்களே. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் சதுரங்கப்பட்டினத்தில் பண்டகசாலை அமைத்து, இப்பகுதியில் நெய்த துணியைக் கப்பலேற்றினர். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்டெண்டு கம்பெனியார் கோவளத்துக்கு வந்தனர். அன்று அனுமதி கம்பெனிக்கு. அதன் நிழலில்தான் தனி மனிதர் வந்து போயினர்.

1763-இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகிராக அளித்தார். கம்பெனி தன் நாட்டவரையே எளிதில் உள்ளே விடவில்லை. தன் ஊழியரல்லாத பிரிட்டிஷார் இங்கு வாழ உரிமம் பெற வேண்டும் என்றது; தனி வணிகர் தன் ஏகபோகத்தைக் குலைப்பர் என்று அஞ்சியது. 1833-ஆம் ஆண்டின் சாசனச் சட்டம் இந்தக் கட்டைத் தளர்த்தியது. 1800-க்கு முன்பே கம்பெனி ஆண்ட பகுதிகளில் பிரிட்டிஷ் குடிமக்கள் உரிமமின்றிக் குடியிருக்கலாம் என்றாயிற்று. செங்கல்பட்டும் அவற்றில் அடங்கும். ஆனால், வந்திறங்கியதும் பெயர், செல்லும் இடம், வந்த நோக்கம் ஆகிய மூன்றையும் சுங்க அதிகாரியிடம் எழுதித் தர வேண்டும். பின்னால் வந்த விதிகள் எல்லாம் இந்த மூன்று கேள்விகளின் விரிவே.

1864-ஆம் ஆண்டின் சட்டம் அயல்நாட்டாரை வெளியேற்றும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. முதல் உலகப் போரின்போது வந்த கடவுச்சீட்டுக் கட்டாயத்தை 1920-ஆம் ஆண்டின் சட்டம் நிலைப்படுத்தியது. 1939-இல் பதிவுச் சட்டமும் 1946-இல் வெளிநாட்டவர் சட்டமும் வந்தன. ‘எங்கே தங்குகிறார்’ என்ற கேள்விக்கு விடுதிக்காரரும் பதில் சொல்லும் நிலை இதனால் பிறந்தது. வெளிநாட்டவர் அறை எடுத்த 24 மணி நேரத்துக்குள் ‘சி படிவம்’ அனுப்புவது மாமல்லபுரத்து விடுதிகளின் அன்றாட வேலையாயிற்று.

1984-இல் மாமல்லபுரச் சின்னங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. இத்தகைய சுற்றுலா ஊர்களின் பிழைப்பு விசா விதியோடு பின்னிக் கிடக்கிறது. சுற்றுலா விசாவில் வந்து சென்றவர் இரண்டு மாதம் கழித்தே மீண்டும் வரலாம் என்ற விதி 2009-இல் வந்தது. இங்கிருந்து இலங்கைக்குப் போய்த் திரும்ப நினைத்தவர்களுக்கு அது இடைஞ்சலாயிற்று; 2012-இல் பெரும்பாலான நாட்டவருக்கு நீங்கியது. 2014 நவம்பரில் 43 நாட்டவருக்கு இணையவழி விசா தொடங்கியபோது, அதை ஏற்ற ஒன்பது விமான நிலையங்களுள் சென்னையும் ஒன்று. 2019 அக்டோபரில் மோதியும் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்த வேளையில், சீனருக்கு ஐந்தாண்டு மின்விசா அறிவிக்கப்பட்டது. சில மாதங்களில் கொரோனா அந்தக் கதவை அடைத்தது. சீனருக்குச் சுற்றுலா விசா மீண்டும் கிடைத்தது 2025 ஜூலையில்தான்.

‘எதற்காக வந்தார்’ என்ற கேள்வி தொழிற்சாலைகளில் கூர்மையடைந்தது. 1990-களில் மறைமலைநகருக்கு ஃபோர்டும், 2007-இல் மகிந்திரா சிட்டிக்கு பிஎம்டபிள்யூவும், 2010-இல் அருகிலுள்ள ஒரகடத்துக்கு ரெனோ-நிசானும் வந்தன. இந்தியாவின் பல கட்டுமானத் திட்டங்களில் வணிக விசாவில் வந்தோர் வேலை பார்ப்பதைக் கண்ட அரசு, 2009-இல் அவர்கள் வேலைவாய்ப்பு விசா பெற்றே பணியாற்ற வேண்டும் என்றது. அடுத்து, அவர்களின் ஆண்டுச் சம்பளம் குறைந்தது 25,000 டாலர் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. பின்னர் அது 16.25 லட்சம் ரூபாயாயிற்று. உள்ளூர்த் தொழிலாளர் செய்யக்கூடிய வேலைக்கு அயலாரை எடுக்காமல் தடுப்பதே இதன் நோக்கம். தம் நாட்டு உணவைச் சமைக்கும் சமையல்காரருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சம்பள வரம்பிலிருந்து விலக்கு உண்டு.

2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 1920, 1939, 1946 சட்டங்களையும் 2000-ஆம் ஆண்டின் விமான, கப்பல் நிறுவனப் பொறுப்புச் சட்டத்தையும் நீக்கி அவற்றின் இடத்தைப் பெற்றது. செல்லத்தக்க கடவுச்சீட்டோ விசாவோ இன்றி நுழைந்தால் ஐந்தாண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். தங்கவைப்பவர் தகவல் தரும் கடமை இதிலும் தொடர்கிறது.