உண்ணிக்காய்ச்சலும் நிலவுடைமையும்: ஹேவாஹெட்டவை முன்னிறுத்திய ஒரு குறிப்பு

மாடு என்ற சொல்லுக்குத் தமிழில் செல்வம் என்னும் பொருளும் உண்டு. வள்ளுவர் அப்பொருளில் அதனை ஆண்டுள்ளார். மந்தையைக் கொண்டு வளத்தை அளந்த சமுதாயத்தின் சுவடு அச்சொல்லிலே தங்கியுள்ளது. எனினும் அச்செல்வம் யாருடையது, யாருடைய நிலத்தில் மேய்ந்தது என்னும் வினாக்களை எழுப்பாது மாட்டின் வரலாற்றை எழுதுதல் இயலாது. மாட்டு நோயின் வரலாற்றுக்கும் இது பொருந்தும்.

கண்டிக்குத் தென்கிழக்கே அமைந்த ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துரவிலேயே 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன்னர் மலைநாட்டுச் சரிவுகளில் கோப்பி நின்றது. கோப்பித் துரைமார் எருவுக்காகவே மாட்டுப்பட்டிகளை வைத்திருந்தனர். அதே 1867இல் புகையிரதம் கண்டியை அடையும்வரை கோப்பி மூடைகளைக் கொழும்புக்கு இழுத்துச் சென்றவையும் மாடுகளே. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது; தேயிலை நிலைத்தது. தோட்டத் தொழிலாளரோ லயத்தருகே கொட்டில் அமைத்துப் பசு வளர்த்துத் தம் குறைகூலியை ஈடுசெய்ய முயன்றனர்.

இப்பின்னணியிலேயே உண்ணிக்காய்ச்சலை நோக்குதல் வேண்டும். உண்ணி கடிக்கும்போது பபீசியா என்னும் ஒட்டுண்ணி மாட்டின் செங்குருதிக் கலங்களுட் புகுந்து அவற்றைச் சிதைக்கிறது. காய்ச்சலும் சோகையும் தோன்றுகின்றன. சிறுநீர் சிவந்து போகிறது. 1888இல் விக்டர் பாபேஸ் ருமேனிய மாடுகளில் இவ்வொட்டுண்ணியைக் கண்டார். நோயைப் பரப்புவது உண்ணியே என்பதை 1893இல் ஐக்கிய அமெரிக்காவின் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போனும் நிறுவினர்.

நாட்டு மாடுகள் நெடுங்காலம் உண்ணியோடு வாழ்ந்து அதனை ஓரளவு தாங்கும் வலுப் பெற்றவை. மிகுதியான பாலுக்காகக் கொணரப்பட்ட ஐரோப்பிய இனங்களுக்கு அவ்வலு இல்லை. இங்கு ஒரு முரண்பாடு கருத்தூன்றி நோக்கத்தக்கது. இளங்கன்றுகள் இந்நோயை இயல்பாகவே பெரிதும் தாங்குவன. அப்பருவத்தில் மெல்லத் தொற்றுக்குள்ளான கன்று பின்னர் பாதுகாப்புப் பெறுகிறது. உண்ணியே அறியாது வளர்ந்த பசுவோ முதற் கடியிலேயே வீழ்ந்துவிடக்கூடும். ஆகவே, உண்ணியை முற்றாக ஒழிக்காது அரைகுறையாகக் குறைப்பது சில வேளைகளில் ஆபத்தைக் கூட்டும்.

முற்றாக ஒழித்த நாடும் உண்டு. ஐக்கிய அமெரிக்கா 1906இல் தொடங்கி 1943இல் அப்பணியைப் பெரும்பாலும் முடித்தது. மாடுகளை ஆர்சனிக் கரைசலில் மீண்டும் மீண்டும் முக்கியெடுக்கச் சட்டம் கட்டாயப்படுத்தியது. பெருமந்தைக்காரர் பயனடைந்தனர், ஒன்றிரண்டு மாடு வைத்திருந்த தென்மாநில ஏழை விவசாயிகளோ தொட்டிகளை வெடிவைத்துத் தகர்த்தனர். இதனை வெறும் அறியாமை எனத் தள்ளிவிடலாகாது. செலவு யாருக்கு, பயன் யாருக்கு என்ற வினாவே அங்கு வெடித்தது எனலாம்.

இன்று மருந்துகள் உள. கியூபா 1990களில் உண்ணிக்கெதிரான தடுப்பூசியையும் உருவாக்கியது. ஆயினும் ஒரே நச்சுமருந்தைத் தொடர்ந்து தெளிக்க, உண்ணி அதற்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவிடுகிறது. எனவே மேய்ச்சல் நிலத்தை மாற்றி மாற்றி ஓய்வுவிடுமாறு நூல்கள் அறிவுறுத்துகின்றன. ஓய்வுவிடுவதற்குத் தொழிலாளியிடம் நிலம் ஏது? கொட்டில் நிற்கும் மண்ணும் புல் அறுக்கும் சரிவும் அவருடையன அல்ல. 1972, 1975 ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. இரு மாற்றங்களும் கொட்டிலடி மண்ணைத் தொழிலாளிக்கு உரிமையாக்கவில்லை.

நோயின் உயிரியலை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஒட்டுண்ணியை நுணுக்குக்காட்டியிற் காணலாம். அதைத் தடுக்கும் வழி ஏன் எல்லாக் கொட்டில்களையும் சென்றடைவதில்லை என்பதை அங்குக் காணவியலாது. அதற்கு நிலத்தின் உறுதிப்பத்திரத்தையே புரட்டிப் பார்த்தல் வேண்டும்.