நிலவறையில் பிறந்த ஓவியர்

1871ஆம் ஆண்டு மே மாத இறுதி வாரம். பாரிஸ் நகரத் தொழிலாளர்கள் அமைத்திருந்த 'கம்யூன்' ஆட்சியை அடக்க அரசுப் படைகள் நகருக்குள் புகுந்திருந்தன. ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பெல்வில் பகுதியின் வீடுகள்மீது பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி வீட்டின் நிலவறைக்குக் கொண்டு செல்லப்பட்டாள். மே 27 அன்று, அந்த இருளிலே அவள் ஓர் ஆண்மகவைப் பெற்றெடுத்தாள். இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் கிறிஸ்தவ ஓவியருள் ஒருவராக உயர்ந்த ஜார்ஜ் ரூவோ அவ்வாறுதான் இவ்வுலகிற்கு வந்தார்.

தந்தை பியானோ செய்யும் தொழிற்கூடத்தில் மரத்திற்கு மெருகூட்டும் பணியாளர். தாய்வழிப் பாட்டனார் அஞ்சல் துறையில் எளிய ஊழியர். எனினும் ஓவியங்களின் அச்சுப்படிகளைத் தேடிச் சேர்த்தவர். ஏழைகளின் முகங்களை வரைந்த தோமியேயின் படங்களைப் பேரன் முதன்முதலில் கண்டது அவரிடத்தில்தான். பதினான்காம் வயதில், 1885இல், ரூவோ வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் செய்யும் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். பழைய ஆலயங்களின் சிதைந்த சாளரங்கள் அங்கே செப்பனிடப்பட்டன. ஈயப் பட்டைகளின் கருமைக்கு நடுவே நீலமும் சிவப்பும் சுடர்விடுவதைச் சிறுவனின் கண்கள் நாள்தோறும் கண்டன.

அவருடைய ஓவியங்களைக் காண்போர் எவரும் அந்தப் பட்டறையை மறக்க இயலாது. உருவங்களைச் சுற்றித் தடித்த கருங்கோடுகள். அவற்றினுள்ளே ஒளிரும் வண்ணங்கள். நிலவறையை ரூவோ நினைவில் வைத்திருக்க வழியில்லை. ஆயினும் இருளுக்குள்ளிருந்தே ஒளி பிறக்கிறது என்னும் பாடத்தை, பிறந்த இடமும் தொழில் பழகிய இடமும் அவர் கைகளில் எழுதிவிட்டன போலும்!

பின்னர் அவர் நுண்கலைப் பள்ளியில் குஸ்தாவ் மொரோவின் மாணவரானார். 1898இல் அந்த ஆசிரியர் மறைந்தபோது ரூவோ பெரும் துயருற்றார். அதற்குப்பின் அவர் வரைந்தவை அழகிய காட்சிகள் அல்ல. சர்க்கஸ் கோமாளிகள், உடலை விற்றுப் பிழைக்க நேர்ந்த பெண்கள், நீதிமன்றத்தில் கல்லாய் அமர்ந்திருக்கும் நீதிபதிகள். கத்தோலிக்க எழுத்தாளரும் நண்பருமான லெயோன் ப்ளுவாகூட, அவர் அருவருப்பானதையே நாடுகிறார் என்று கடிந்துகொண்டார். ரூவோ தம் வழியிலிருந்து விலகவில்லை.

1905 அளவில் அவர் எழுதிய மடலொன்றில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். சாலையோரம் நிற்கும் நாடோடி வண்டி. அருகே தன் பளபளக்கும் உடையைத் தைத்துக்கொண்டிருக்கும் முதிய கோமாளி. மினுக்கும் ஆடைக்கும் அதனை அணிபவனின் எல்லையற்ற துயரத்திற்கும் இடையேயிருந்த தொலைவு ஓவியரை உலுக்கியது. அக்கோமாளி வேறு யாருமல்லன், நாமே என அவர் உணர்ந்தார். நாம் ஒவ்வொருவரும் மினுக்கும் ஓர் உடையை அணிந்திருக்கிறோம். அதன் அடியிலுள்ள காயத்தைப் பிறர் காண விடுவதில்லை. மேலாடையை நீக்கி உள்ளிருக்கும் ஆன்மாவைக் காண்பதே தம் பணி என ரூவோ கொண்டார்.

1912இல் தந்தை மறைந்தார். இரண்டு ஆண்டுகளில் உலகப் போர் மூண்டது. இவ்விரு துயரங்களினின்றும் பிறந்ததே 'மிசெரேரே' என்னும் 58 கருவெள்ளைப் படங்களின் தொகுதி. ஐம்பத்தொன்றாம் திருப்பாடலின் இலத்தீன் முதற்சொல்லே அதன் பெயர். முகத்திற்குச் சாயம் பூசாதவர் யார் என்று வினவும் கோமாளியும், பாடுபடும் ஆண்டவரும் அதில் வருகின்றனர். சிலுவைப் பாதையின் ஆறாம் நிலையில் நாம் காணும் வெரோனிக்காவின் துணியும் அங்கே உண்டு. வேடமணிந்த முகங்களின் வரிசையில் வேடமில்லாத ஒரே முகம் அந்தத் துணியில் பதிந்த திருமுகமே.

பிறருடைய மறைவிடங்களை இவ்வளவு ஆழ்ந்து நோக்கியவர், தம் மறைவிடத்தை எவ்வாறு காத்தார்? ரூவோவின் படைப்புகளை மொத்தமாக வாங்கிவந்த வணிகர் அம்புருவாஸ் வொலார் 1939இல் விபத்தில் இறந்தார். முடிவுறாத நூற்றுக்கணக்கான ஓவியங்கள் அவருடைய வாரிசுகளிடம் சிக்கின. ஓவியர் வழக்குத் தொடுத்தார். தாமே நிறைவு செய்து கையளிக்கும்வரை படைப்பு படைத்தவனுக்கே உரியது என 1947இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு நவம்பர் 5 அன்று, மீட்கப்பட்டவற்றுள் 315 ஓவியங்களைச் சாட்சிகள் முன்னிலையில் அவர் நெருப்பிலிட்டார். அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு. அவற்றை நிறைவு செய்யத் தமக்கு இனிக் காலம் இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார். 'மிசெரேரே' நூலாக வெளிவந்ததும் அதே 1948இல்தான்.

இது செருக்கா, நேர்மையா? செல்வத்தைச் சாம்பலாக்கினார் என வருந்தியோர் உண்டு. என் சிந்தைக்கு வேறொன்று படுகிறது. மறைவு இருவகைப்படும். ஒன்று வேடம், அது பொய்யைக் காக்கிறது. மற்றொன்று அடைத்த கதவு. அது இன்னும் கனியாததைக் காக்கிறது. முதலாவதை ரூவோ தம் தூரிகையால் கிழித்தார். இரண்டாவதைத் தீயால் காத்தார். நாமோ பல வேளைகளில் இதனைத் தலைகீழாகச் செய்கிறோம். நம் வேடத்தைக் கவனமாய்ப் பேணுகிறோம்; பிறருடைய அடைத்த கதவையோ ஊர்ப்பேச்சால் உடைக்கிறோம்.

ஆயினும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். தம்மிடம் எஞ்சியிருந்த முடிவுறாத படைப்புகள் அனைத்தையும் அவர் எரித்துவிடவில்லை. 1958 பிப்ரவரி 13 அன்று அவர் இறைவனடி சேர்ந்தார். 1963இல் அவருடைய மனைவியும் மக்களும் அத்தகைய ஏறத்தாழ ஆயிரம் படைப்புகளைப் பிரெஞ்சு அரசுக்கு வழங்கினர். அவற்றின் முன் நிற்பவர் ஒரு மனிதரின் நிறைவேறாத முயற்சிகளைக் காண்கிறார். நம் வாழ்வும் அத்தகைய ஓவியமே அன்றோ? நாம் முடிக்காமல் விட்டுச் செல்வதையும் கனிவோடு நோக்கும் கண்கள் உண்டு என்பதே நம் நம்பிக்கை. அக்கண்களின் முன் வேடமும் வேண்டாம். அடைத்த கதவும் வேண்டாம்.