அணிபவர் ஒருவர், பணம் கொடுப்பவர் வேறொருவர்: அமெரிக்க மாநிலங்களில் செயற்கை அவயவ வல்லுநர் உரிமம்

தொழில் உரிமங்களின் வரலாற்றைத் தொடுகிற எவரும் மில்டன் ஃப்ரீட்மனைச் சுற்றிக்கொண்டு போய்விட முடியாது. 1962-இல் வந்த ‘முதலாளித்துவமும் சுதந்திரமும்’ நூலின் ஒன்பதாம் இயல் இத்துறையில் பாயிரம்போல் ஓதப்பட்டு வருகிறது. ஒரு தொழிலில் அரசு தலையிடுவதற்கு மூன்று படிகள் உண்டு என்கிறார் அவர். முதற்படி பதிவு: பெயரைக் கொடுத்துவிட்டு யாரும் தொழில் நடத்தலாம். அடுத்தது சான்றிதழ்: தகுதி பெற்றவரை அது அடையாளம் காட்டும், பெறாதவரைத் தடுக்காது. மூன்றாவது உரிமம்: அது இல்லாதவர் கருவியைத் தொடவே கூடாது. இந்த மூன்றாவதற்கு நியாயம் கிடைப்பது மிக அரிது என்பது அவர் வாதம். உரிமம் வேண்டுமென்று சட்டமன்றப் படியேறுகிறவர்கள் ஏமாந்த வாடிக்கையாளர்கள் அல்லர், அத்தொழிலைச் செய்பவர்களே. பின்னர் உரிம வாரியத்தில் உட்காருகிறவர்களும் அவர்களே. ஆகவே உரிமம் என்பது புதியவர் நுழையாமல் உள்ளிருப்பவர் போட்டுக்கொண்ட வேலி.

இந்த வாசிப்பைச் செயற்கைக் கை, கால் செய்து பொருத்தும் தொழிலுக்கும் எளிதாக மாட்டிவிடலாம். மேலோட்டமாகப் பார்த்தால் பொருந்தவும் செய்கிறது. 1948-இல் அமெரிக்கச் சான்றளிப்பு வாரியம் உருவாயிற்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சான்றிதழ் மட்டுமே இருந்தது. 1990-களில் நியூ ஜெர்சி, ஃபுளோரிடா, டெக்சஸ், வாஷிங்டன், இல்லினாய் என்று மாநிலங்கள் ஒவ்வொன்றாக உரிமச் சட்டம் இயற்றின. இரண்டாம் படியிலிருந்து மூன்றாம் படிக்கு ஏறியது தெளிவாகத் தெரிகிறது. ஏற்றியவர்கள் தொழிலினர் என்பதிலும் பெரிய ஐயமில்லை. அப்படியிருந்தும் இந்த விளக்கம் ஒருவரைப் பார்க்கத் தவறிவிடுகிறது என்று நினைக்கிறேன்.

ஃப்ரீட்மனின் வாதத்தில் இருப்பவர்கள் இருவர்: வேலை செய்பவர், வேலையைக் காசு கொடுத்து வாங்குபவர். அவருடைய பெரும்பகுதிச் சான்று மருத்துவத் தொழில். வாங்குபவருக்குத் தரம் பிரித்தறியத் தெரியும், தெரியாவிட்டால் சான்றிதழைப் பார்த்துக்கொள்வார் என்பது அவ்வாதத்தின் அடித்தளம். செயற்கைக் காலில் இந்தக் கணக்கு எப்படி நிற்கிறது என்று பார்க்க, பொருத்தும் அறைக்குள் ஒரு நிமிடம் எட்டிப் பார்க்கலாம். முழங்காலுக்குக் கீழே எஞ்சிய பகுதிக்கு மாக்கட்டு சுற்றி அச்செடுக்கிறார்கள். அச்சில் வார்த்த மாவுருவத்தை எலும்பு துருத்தும் இடத்தில் கூட்டியும் சதை தாங்கும் இடத்தில் குறைத்தும் திருத்துகிறார்கள். அதன்மேல், எஞ்சிய கால் புகும் கிண்ணமான சாக்கெட் உருவாகிறது. எஞ்சிய காலின் அடிமுனை சாக்கெட்டின் தரையைத் தொடுகிறதா என்று அறிய உள்ளே ஒரு சிறு களிமண் உருண்டையைப் போட்டு ஆளை எழுந்து நிற்கச் சொல்வதுண்டு. உருண்டை அப்பளமாகிவிட்டால் அழுத்தம் அதிகம்; போட்டபடியே கிடந்தால் தொடவே இல்லை. மாலைக்குள் கால் சுருங்கும். இன்னொரு காலுறை மாட்ட வேண்டும். பொருத்தம் பிசகினால் தோல் சிவந்து, கொப்புளித்து, புண்ணாகும்.

ஆக, நல்ல கால் எது, கெட்ட கால் எது என்பது போட்டுக்கொண்டவருக்கு அன்று மாலையே தெரிந்துவிடும். அவரைவிடக் கறாரான நடுவர் கிடையாது. இந்த இடத்தில் நான் ஃப்ரீட்மனுக்கு அவர் கேட்டதைவிட அதிகமாகவே விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் அமெரிக்காவில் பெரும்பாலும் காலுக்குப் பணம் கொடுப்பவர் அதைப் போட்டுக்கொள்பவர் அல்லர். பணம் கொடுப்பவருக்கு வலிப்பதில்லை. தரத்தை அறிய அவருக்குக் காகிதம் ஒன்றுதான் வழி. உரிமத்தின் வரலாற்றை அந்த மூன்றாம் ஆளின் பக்கமிருந்து படிக்க வேண்டும்.

அவர் புதிதாக வந்தவரும் அல்லர். உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்த கூட்டாட்சிப் படைவீரர்களுக்கு 1862-இலேயே அரசு செயற்கை அவயவம் வாங்கிக் கொடுக்கத் தொடங்கிற்று. 1870-ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்தாண்டுக்கொரு முறை புதியது பெறும் உரிமையைத் தந்தது. பொருளாக வேண்டாதவர் காலுக்கு 75 டாலர், கைக்கு 50 டாலர் என்று பணமாக வாங்கிக்கொள்ளலாம். இதில் கவனிக்க வேண்டியது தொகையை அல்ல. எந்தத் தயாரிப்பாளரிடம் வாங்கலாம் என்பதை அறுவை மருத்துவர் குழு ஒன்று மாதிரிகளைப் பார்த்து முடிவுசெய்தது. உரிமம் என்ற சொல் அங்கே இல்லை. பட்டியலில் இல்லாதவர் கடையை மூட வேண்டியதும் இல்லை. கருவூலப் பணம் மட்டும் அவருக்கு வராது. பிற்கால உரிமத்தின் கரு இந்தப் பட்டியல்தான் என்பேன்.

இரண்டாம் உலகப்போரின் முடிவில் அதே கதை பெரிய அளவில் திரும்பியது. கொடுக்கப்பட்ட கால்களின் தரம்பற்றி வீரர்களிடையே கொந்தளிப்பு. படையின் தலைமை மருத்துவர் நார்மன் கிர்க்கின் வேண்டுகோளின்பேரில் 1945 தொடக்கத்தில் தேசிய அறிவியல் கழகம் இதில் இறங்கியது. 1948-இல் முன்னாள் படைவீரர் நிர்வாகத்துக்குச் செயற்கை அவயவ ஆராய்ச்சிக்கென ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் ஒதுக்கும் சட்டம் வந்தது. சான்றளிப்பு வாரியம் பிறந்ததும் அதே 1948-இல். ஒரே ஆண்டு என்பதால் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. வாரியத்தை எழுப்பியதில் தயாரிப்பாளர் சங்கத்தின் கை இருந்தது; அந்த அளவுக்கு ஃப்ரீட்மன் பக்கம் நியாயமுண்டு. ஆனால் எலும்பு அறுவை மருத்துவர்களையும் சேர்த்துக்கொண்டு அவர்கள் யாருக்கு முன்னால் தங்களைத் தகுதியுள்ளவர்களாகக் காட்டிக்கொள்ள முயன்றார்கள்? தெருவோடு போகிற வாடிக்கையாளருக்கு முன்னால் அல்ல. அக்காலத்தின் மிகப்பெரிய கொள்முதலாளர் முன்னாள் படைவீரர் நிர்வாகம்.

நான் அதிகம் தங்க விரும்பும் ஆவணம் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பற்றி 2000 டிசம்பர் 21 அன்று சட்டமான பயன் மேம்பாட்டுச் சட்டத்தின் 427-ஆம் பிரிவு. உரிம வரலாற்றை எழுதுபவர்கள் மாநிலச் சட்டங்களை வரிசைப்படுத்திவிட்டு இதை அடிக்குறிப்பில் தள்ளிவிடுவார்கள். இப்பிரிவு யாரையும் தொழில் செய்யக் கூடாதென்று சொல்லவில்லை. தகுதியுள்ள வல்லுநர் கொடுத்தாலன்றி அந்த அவயவத்துக்குப் பணம் இல்லை என்கிறது, அவ்வளவே. யார் தகுதியுள்ளவர்? முதலில் மருத்துவர். பிறகு தகுதி பெற்ற இயன்முறை மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர். அடுத்து, உரிமம் வழங்கும் மாநிலமானால் அங்கே உரிமம் பெற்றவர். உரிமம் வழங்காத மாநிலமானால், தனிப்பயிற்சியும் சட்டம் குறிப்பிடும் இரு சான்றளிப்பு வாரியங்களில் ஒன்றின் சான்றிதழும் உடையவர்; அதற்கு இணையென்று துறைச் செயலர் ஏற்கும் வேறு திட்டமும் ஆகலாம்.

இந்த வாசகத்தைப் படிக்கட்டின் அருகே வைத்துப் பாருங்கள். ஃப்ரீட்மனுக்குச் சான்றிதழும் உரிமமும் இரு வேறு படிகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறும்போது சுதந்திரம் பறிபோகிறது. 427-ஆம் பிரிவில் அவை பக்கத்துப் பக்கத்துக் கதவுகள். எதன் வழியே நுழைவது என்பதைப் பொருள் எந்த மாநிலத்தில் வழங்கப்பட்டது என்பதே தீர்மானிக்கிறது. வல்லுநர் எங்கே குடியிருக்கிறார், எங்கே படித்தார் என்று சட்டம் கேட்கவில்லை. இரண்டு கதவும் திறப்பது ஒரே பணப்பெட்டிக்கு.

இன்னொன்றும் உண்டு. இது தொழிலினர் தமக்காகப் போட்ட வேலியாயின், பக்கத்து வயல்காரர்களான இயன்முறை மருத்துவர்களுக்கு அதில் வழிவிட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் பெயருக்கு முன் நிற்கும் ‘தகுதி பெற்ற’ என்ற அடைமொழிக்குப் பொருள் என்ன, பொது உரிமமே போதுமா, அவயவம் பொருத்துவதில் தனிப்பயிற்சி வேண்டுமா என்பதில்தான் பின்னால் சண்டை மூண்டது. விதி வகுக்கக் கூட்டிய பேச்சுவார்த்தைக் குழு 2003-இல் உடன்பாடின்றிக் கலைந்தது.

என் வாதம் மெலிவது 1990-களில். மேலே சொன்ன மாநிலச் சட்டங்கள் எல்லாம் 427-ஆம் பிரிவுக்கு முந்தியவை. பின்னால் வந்த சட்டம் முன்னால் வந்தவற்றுக்குக் காரணமாக முடியாது என்று ஒருவர் சொன்னால், வெறும் காலவரிசையைக் காட்டி மறுக்க என்னால் ஆகாது. காலவரிசையே சற்று வழுக்குகிறது. நியூ ஜெர்சிச் சட்டம் 1991-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 512-ஆம் அத்தியாயம். இல்லினாய்ச் சட்டம் 1999-க்குரியது, நடைமுறைக்கு வந்தது 2000 ஜனவரி 1. சட்டம் நிறைவேறிய நாளா, அமலான நாளா, முதல் உரிமம் கையில் கிடைத்த நாளா, எதைத் தொடக்கமாகக் கொள்வது? மாநிலங்களின் வரிசை அதற்கேற்ப இடம் மாறும். அவை நிறைவேறியது 2000 டிசம்பருக்கு முன்பே என்பது மட்டும் மாறாது.

ஆனாலும் விடமாட்டேன். நாட்டின் மக்கள்தொகையில் முன்னணியில் நிற்கும் கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் இத்தொழிலுக்கு மாநில உரிமம் இல்லை. தொழிலினரின் விருப்பமே போதுமென்றால் ஆள்பலம் மிகுந்த இம்மாநிலங்கள் முந்தியிருக்க வேண்டும். அங்கே சான்றிதழே பணப்பெட்டியைத் திறக்கிறது. வேறு சாவிக்கு அவசரமில்லை. இது ஊகந்தான். சட்டமன்றங்கள் மறுத்திருக்கலாம் என்ற மாற்று விளக்கத்தை இது அடைத்துவிடவில்லை. இனி உரிமம் உள்ள பக்கம்: டெக்சஸைப் பாருங்கள். பட்டமும் 1,900 மணிநேர மருத்துவப் பயிற்சியும் கேட்கும் அம்மாநிலம், வழக்கமான பாதையில் வராத ‘தனித்தகுதி வாய்ந்தவருக்கும்’ உரிமம் தர ஒரு சந்து வைத்தது. பட்டறையில் கைபழகிய மூத்தவர்களை நினைவில் கொண்டு வைத்த சந்தாக இருக்க வேண்டும். 2016-இல் டெக்சஸும் 2018-இல் ஒஹாயோவும் இத்தொழிலின் தனி வாரியத்தைக் கலைத்துப் பொது அமைப்புகளில் சேர்த்தன. தொழிலினர் கையிலிருந்த வாரியம் போயிற்று, உரிமம் போகவில்லை. வேலி போட்டவர் போனபின்னும் வேலி நிற்கிறதென்றால், அதில் வேறொருவருக்கும் பயன் இருக்க வேண்டும்.

427-ஆம் பிரிவை நடைமுறைப்படுத்தும் விதிகளை ஓராண்டுக்குள் வகுக்க வேண்டுமென்று சட்டமே கெடு வைத்திருந்தது. விதி முன்மொழிவு வெளியானது 2017 ஜனவரியில். அவ்வாண்டு அக்டோபரில் அது திரும்பப் பெறப்பட்டது.